ஒற்றை எண்ணும் இரட்டை எண்ணும்

உண்ணும் சோறே மனிதனைக் கொல்லுமா? பசித்தவனுக்குச் சோறு உயிர் தரும் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் 1900-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் மூன்று வேளையும் வயிறாரச் சோறு உண்டவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களைக் கொன்ற நோயின் பெயர் பெரி-பெரி. அந்நோயின் காரணத்தை நம் நாட்டு மருத்துவர்கள் எவ்வாறு துருவிக் கண்டார்கள், நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகள் அதற்கு எப்படிக் கை கொடுத்தன, எங்கே கை விட்டன என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நோயைத் தெரிந்து கொள்வோம். கால்கள் மரத்துப் போகும். கெண்டைக்கால் சதையை அழுத்தினால் வலி உயிர் போகும். பாதம் தொங்கிப் போய் நடை தடுமாறும். சிலருக்குக் கால் வீங்கி, அவ்வீக்கம் மேலேறி, இதயம் பெருத்து, மூச்சு முட்டும். காலையில் எழுந்து உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்தவர் மாலைக்குள் இறந்து விடுவதும் உண்டு. இளைஞர்களும் உழைப்பாளிகளுமே அதிகமாக இந்நோய்க்கு இரையானார்கள் என்பதுதான் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது.

அது கிருமிகளின் காலம். பாஸ்டரும் காக்கும் நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மெய்ப்பித்துக் காட்டிய காலம். ஆகவே எந்த நோயைக் கண்டாலும் கிருமியைத் தேடுவது மருத்துவர்களின் வழக்கமாகி விட்டது. 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் என்பவரும் பெரி-பெரி ஒரு தொற்று நோயே என்று கருதினார். அதில் அவர் பேரில் குற்றம் சொல்வதற்கில்லை. நோய் ஒரே கட்டடத்தில் பலரைத் தாக்கியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் சில மாதங்களில் வந்தது. தொற்று என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது?

இங்கே நோய்க்குறிப்பு என்றால் என்ன என்பதைச் சற்று விளக்கி விடுகிறேன். ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் அவருடைய வயது, தொழில், ஊர், உணவு, நோய் தொடங்கிய நாள், அவர் சொல்லும் தொல்லைகள், மருத்துவர் தொட்டும் தட்டியும் கேட்டும் கண்டறிந்தவை, கொடுத்த மருந்து, அதன் விளைவு ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைக்கிறார்கள். அத்தாளிலிருந்து பிற மருத்துவர்களுக்குப் பயன்படக் கூடியதைத் தொகுத்து, நோயாளியின் பெயரை விலக்கி, மருத்துவ ஏட்டில் வெளியிட்டால் அது நோயாளி பற்றிய அறிக்கையாகிறது. மருத்துவக் கல்வி பல நூற்றாண்டுகளாக இத்தகைய அறிக்கைகளைக் கொண்டே நடந்து வந்திருக்கிறது. ஆசிரியர் ஒரு கட்டிலின் அருகே நின்று, "இதே போல் ஒருவரை நான் பத்தாண்டுகளுக்கு முன் பார்த்தேன்" என்று தொடங்குவார். மாணவர்கள் குறித்துக் கொள்வார்கள்.

இம்முறையில் ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. கண்ணால் கண்டதை மாணவன் மறக்க மாட்டான். அது பலம். ஒருவருக்கு நேர்ந்ததை எல்லாருக்கும் நேரும் என்று அவன் நம்பி விடுவான். அது பலவீனம். மருந்து குடித்தவர் குணமடைந்தார் என்றால், மருந்தினால் குணமடைந்தாரா, தாமாகவே குணமடைந்தாரா? குடிக்காதவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை இதற்கு விடை கிடையாது. நம் வீடுகளில் "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது, நீயும் குடி" என்று கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்களே, அதுவும் ஒருவகை நோயாளி அறிக்கைதான். சிறந்த மருத்துவர்கள் கூடப் பல சமயம் அந்த அளவில்தான் நின்றிருக்கிறார்கள்.

இப்போது சிரம்பானுக்கு வருவோம். அங்கு நெகிரி செம்பிலான் மாநில அறுவை மருத்துவராக இருந்தவர் வில்லியம் லெனார்ட் பிராடன். அவர் நோயாளிகளின் குறிப்புகளைப் படிக்கும்போது, நோய் வந்தவர்கள் யார் என்பதோடு நிற்காமல், நோய் வராதவர்கள் யார் என்றும் கேட்டார். சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு நோய் மிகுதி. கிராமத்தில் தம் நெல்லைத் தாமே குத்தி உண்ட மலாய்க்காரர்களிடம் நோய் அரிது. தோட்டப்புறத்துத் தமிழர்களிடமும் அரிது. அவர்களும் சோறுதான் உண்டார்கள். உழைப்பில் குறைவில்லை, வறுமையிலும் குறைவில்லை. லயத்து வாழ்க்கை சுரங்கத் தொழிலாளர் குடிசையைவிட மேலானது என்றும் சொல்ல முடியாது. அப்படியானால் வேறுபாடு எங்கே?

அரிசியில் இருந்தது வேறுபாடு. சீனத் தொழிலாளர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. நெல்லை ஊற வைத்து, ஆவியில் அவித்து, காய வைத்து, அதன் பின்னரே உமியை நீக்குவது நம்மவர் வழக்கம். அதன் வாடை பிடிக்காமல் மற்ற இனத்தார் முகத்தைச் சுளித்ததுண்டு. அந்த வாடையுள்ள அரிசிதான் நம் முன்னோரைப் பெரி-பெரியிலிருந்து காத்தது. இதைக் கேட்டு நாம் மீசையை முறுக்க வேண்டியதில்லை. நோயைத் தடுக்கும் என்று அறிந்து யாரும் நெல்லை அவிக்கவில்லை. பழக்கம், அவ்வளவே. பெரி-பெரியில் தப்பிய அதே தோட்டத் தொழிலாளர்களை மலேரியாக் காய்ச்சல் கூட்டங்கூட்டமாக வாரிக் கொண்டு போனது.

பிராடன் தாம் திரட்டிய விவரங்களை 1907-இல் பெரிய நூலாக வெளியிட்டார். காலங்கடந்த பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கொள்கை. அக்கொள்கை தவறு என்று பின்னர் தெரிந்தது. ஆனால் "அரிசியைப் பாருங்கள்" என்று அவர் காட்டிய திசை சரியாக இருந்தது.

அண்டை நாடான ஜாவாவிலும் இதே திசையில் ஓர் ஆராய்ச்சி முன்னரே நடந்திருந்தது. பத்தேவியாவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் ஆய்வுக்காக வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. பின்னர் தாமாகவே தேறின. விசாரித்துப் பார்த்தால், இராணுவ மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குக் கொடுப்பதாவது என்று நிறுத்தி விட்டார். கோழிகள் பிழைத்தன! அந்தச் சமையற்காரரின் சிக்கனத்துக்கு மருத்துவ உலகம் கடமைப்பட்டிருக்கிறது. பின்னர் ஃபோர்டர்மன் என்பவர் ஜாவாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளின் உணவையும் நோயையும் ஒப்பிட்டு, தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் நோய் மிகுந்தும், தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் நோய் மிக அருகியும் இருந்ததைக் காட்டினார். ஆயினும் சந்தேகம் தீரவில்லை. சிறைக்குச் சிறை காற்று வேறு, நீர் வேறு, கட்டடம் வேறு. அரிசிதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முற்பட்டவர் கோலாலம்பூரில் இருந்த வில்லியம் ஃபிளெட்சர். அந்நாளில் கோலாலம்பூரில் ஒரு மனநோய் மருத்துவமனை இருந்தது. 1905-இல் அங்கே பெரி-பெரி கடுமையாகப் பரவிப் பலர் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஃபிளெட்சர் ஒரு காரியம் செய்தார். நோயாளிகள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்புறத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் செய்தார். ஒற்றை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டை எண் விழுந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இரு பக்கமும் ஒன்றே.

நேயர்களே, இந்த எண்ணும் காரியத்தின் அருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. அவர் தீர்மானித்திருந்தால், தம்மை அறியாமலே திடமானவர்களை ஒரு பக்கமும் நலிந்தவர்களை ஒரு பக்கமும் அனுப்பியிருக்கலாம். இனமோ வயதோ உடல் வலுவோ குறுக்கிடாமல், வரிசையில் நின்ற இடம் ஒன்றே முடிவு செய்தது. கட்டடத்தில் ஏதேனும் கிருமி இருக்குமோ என்ற ஐயத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. ஆண்டின் நடுவில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றினார். அரிசியை மட்டும் மாற்றவில்லை. கிழக்கில் இருந்தவர்கள் மேற்கே போயும் நோய் அவர்களோடு போயிற்றே தவிர, காலியான கட்டடத்தில் தங்கி வந்தவர்களைப் பிடிக்கவில்லை.

ஓராண்டு முடிந்தது. பச்சரிசி உண்டவர்கள் 120 பேர். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்கள் 123 பேர். அவர்களில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் மருத்துவமனையில் சேரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவரும் பெரி-பெரியால் இறக்கவில்லை. 1907-இல் இலண்டன் 'லான்செட்' ஏட்டில் ஃபிளெட்சர் இதை வெளியிட்டார். அரிசியில் நஞ்சு இருக்கிறதா, அல்லது வேண்டிய சத்து இல்லையா, அல்லது சத்துக் குறைந்த உடம்பில் கிருமி எளிதில் புகுந்து விடுகிறதா என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. பச்சரிசி நேராகவோ சுற்றி வளைத்தோ நோய்க்குக் காரணமாகிறது என்பதோடு நிறுத்திக் கொண்டார். அந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் 18 பேர்? மனநோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணும்போது, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. நோய்க்குக் காரணமென்று சந்தேகிக்கப்பட்ட அரிசியை அறிந்தே ஓராண்டு கொடுத்திருக்கிறார்கள். ஃபிளெட்சர் பக்கமும் பேச வேண்டும். பச்சரிசியை அவர் புதிதாகப் புகுத்தவில்லை. அதுதான் அங்கு அன்றாட உணவு. சோதனை நடக்காமல் இருந்திருந்தால் 120 பேர் அல்ல, எல்லாருமே அதைத்தான் தொடர்ந்து உண்டிருப்பார்கள். இறந்தோர் தொகை இன்னும் கூடியிருக்கலாம். இருந்தாலும், ஆண்டின் நடுவிலேயே இரு பக்கத்து வேறுபாடும் தெரியத் தொடங்கியிருக்குமே, அப்போதே நிறுத்தியிருக்கக் கூடாதா என்ற கேள்வி மனத்தை உறுத்துகிறது. இன்று இத்தகைய சோதனைக்கு எந்த நாட்டு மருத்துவ நெறிக் குழுவும் அனுமதி தராது. பாதியில் கணக்குப் பார்த்து, வேறுபாடு தெளிவாகி விட்டால் சோதனையை நிறுத்த வேண்டும் என்பது இன்றைய விதிகளில் ஒன்று.

கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டான்டனும் மனநோயாளிகளை விட்டு, ஆரோக்கியமான மனிதர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இடம், நெகிரி செம்பிலானில் ஜெலுபு வட்டாரத்து டூரியான் தீப்புஸ். காட்டை அழித்துச் சாலை போடுவதற்காக ஜாவாவிலிருந்து வந்த சுமார் 300 தொழிலாளர்கள் அங்கிருந்தார்கள். புதுக் காடு, புதுக் குடிசை. ஆகவே பழைய கட்டடத்துக் கிருமி என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. பச்சரிசி உண்டவர்களிடம் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நோயும் பக்கம் மாறியது. 1909-இல் இதுவும் வெளிவந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனையின் கில்மோர் எல்லிஸும் பச்சரிசியே காரணம் என்று தம் அனுபவத்தை எழுதினார். 1910-இல் மணிலாவில் கூடிய தூரக் கிழக்கு வெப்ப மண்டல மருத்துவச் சங்கத்தின் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியைத் தொடர்ந்து முக்கிய உணவாக உண்பதே பெரி-பெரிக்கு அடிப்படை என்று தீர்மானம் நிறைவேற்றியது.

உமியை அடுத்துள்ள தவிட்டில் இருந்த சத்துதான் தீட்டும்போது போய் விடுகிறது. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கி விடுகிறது. இச்சத்தை 1926-இல் ஜாவாவில் யான்சன், டோனாத் என்ற இருவரும் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அமெரிக்காவில் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார். இன்று நாம் தயமின் அல்லது வைட்டமின் பி1 என்று சொல்வது அதுவே. ஃபிளெட்சர் எண்ணத் தொடங்கியதற்கும் இதற்கும் இடையில் முப்பது ஆண்டுகள். அதுவரை காத்திருந்துதான் சிகிச்சை செய்ய வேண்டும் என்றிருந்தால் எத்தனை உயிர்கள் போயிருக்கும்! காரணம் முழுவதும் விளங்கும் முன்னரே சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதை அரிசி காட்டியது.

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஃபிளெட்சர் நோயாளிகளை எண்ண வைத்த அதே 1905-இல்தான் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்று, 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பகுதியான அதே நிறுவனம். நம் நாட்டு மருத்துவர்கள் பல தலைமுறைகளாக அங்கே நோயாளியின் கட்டிலருகே குறிப்பெழுதிப் பழகினார்கள். அந்த வேலையைக் 'கிளார்க்கிங்' என்றே மருத்துவ மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஏதோ அலுவலகக் குமாஸ்தா வேலை போலத் தொனிக்கிறது. ஆனால் அதில் ஒரு வரி விட்டுப் போனால் நோயின் துப்பே விட்டுப் போகலாம்.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் சாக்கெட்டும் கார்டன் கையட்டும் அவர்களது தோழர்களும் வளர்த்த ஒரு கருத்து 1992-இல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சான்று சார்ந்த மருத்துவம் என்று அதற்குப் பெயர். மூத்தவர் சொன்னார் என்பதற்காக ஒரு சிகிச்சையைச் செய்யாதே, அதற்கு என்ன சான்று, அச்சான்று எவ்வளவு வலுவானது என்று கேள் என்பது அதன் சாரம். சான்றுகளை அவர்கள் ஏணிப்படிகளாக அடுக்கினார்கள். ஃபிளெட்சர் செய்தது போன்ற ஒப்பீடு மேற்படியில். ஒற்றை நோயாளி அறிக்கை கீழ்ப்படியில். அதனால் சில இளம் மருத்துவர்கள் நோயாளி அறிக்கை என்றாலே ஏளனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். என் கருத்தில் அது அறியாமை. தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் கை கால் குறைபட்டுப் பிறந்ததை 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவர் மெக்பிரைட் 'லான்செட்' ஏட்டுக்கு எழுதிய ஒரு சிறு கடிதம் உலகுக்கு எச்சரித்தது. ஏணியில் ஏறுகிறவன் முதலில் கால் வைப்பது கீழ்ப்படியில்தானே!

இனி நம் நினைவில் இருக்கும் ஒரு நிகழ்ச்சி. நெகிரி செம்பிலானுக்கே மீண்டும் வர வேண்டியிருக்கிறது. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். சிலருடைய இரத்தத்தில் அதற்குரிய அடையாளமும் தென்பட்டதால் அம்முடிவு உறுதிப்பட்டது. கொசுவை ஒழிக்கப் புகை அடித்தார்கள். மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகள் லாரிகளில் இடம் மாற, 1998 முடிவதற்குள் நோய் நெகிரி செம்பிலானில் தோன்றி, 1999 தொடக்கத்தில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் கொழுந்து விட்டு எரிந்தது.

அப்போது நோயாளிகளின் குறிப்புகள் வேறு கதை சொல்லிக் கொண்டிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களும் விழுந்தார்கள். கொசு என்றால் பண்ணைக்காரரையும் கடிக்கும், பன்றியின் பக்கமே போகாத அண்டை வீட்டாரையும் கடிக்கும். ஆனால் நோய் பன்றியைத் தொட்டுப் பழகியவர்களையே தேடிப் பிடித்தது. அத்துடன் பன்றிகளும் இருமி நோயுற்றன. நோய் வராதவர் யார் என்று பிராடன் அன்று கேட்ட அதே கேள்விதான் இது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மாநிலத்தில் அதைக் கேட்கத் தாமதமானது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த நீரில் புதியதொரு வைரசைக் கண்டார். அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று சோதித்ததில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அல்ல என்பது உறுதியாயிற்று. நிப்பா வைரஸ் என்று பெயரிட்டார்கள். பழந்தின்னி வெளவால்களே அதன் இயற்கை இருப்பிடம் என்பது பின்னர் தெரிந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தனர். மலேசியப் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர்த் தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் இறந்தார்.

சிகிச்சைக்கு என்ன செய்தார்கள்? நிப்பாவுக்கென்று மருந்து இல்லை. வேறு வைரஸ்களுக்குப் பயன்பட்ட ரிபாவிரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரிபாவிரின் பெற்ற 140 பேரில் 45 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்கு 32 பேர். பெறாத 54 பேரில் 29 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்கு 54 பேர். இக்கணக்கு 2001-இல் வெளிவந்தது. பார்த்தவுடனே மருந்து வேலை செய்கிறது என்று தோன்றுகிறதல்லவா?

மருந்து பெறாத அந்த 54 பேர் யார் என்று கேட்க வேண்டும். மருந்து வந்து சேருவதற்கு முன்னரே நோயுற்றவர்களும், மருந்து வேண்டாம் என்று மறுத்தவர்களுமே அவர்கள். முன்னரே வந்தவர்களைக் கவனித்தபோது மருத்துவர்களுக்கு இந்நோய் புதிது. பின்னர் வந்தவர்களைக் கவனித்தபோது அனுபவம் ஏறியிருந்தது. ஆகவே வேறுபாடு மருந்தினாலா, கவனிப்பினாலா? வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணியிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஆனால் நாள்தோறும் நினைவிழந்த நிலையில் மனிதர்கள் வந்து விழும்போது, வாசலில் மனைவியும் பிள்ளைகளும் அழுது கொண்டு நிற்கும்போது, "உங்கள் வீட்டுக்காரருக்கு ஒற்றை எண் விழுந்து விட்டது, மருந்து கிடையாது" என்று எந்த மருத்துவர் சொல்வார்? அவர்கள் கையிலிருந்ததை எல்லாருக்கும் கொடுத்தார்கள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பின்னர் நிப்பா வைரசை ஏற்றிய வெள்ளெலிகளுக்கு ரிபாவிரின் கொடுத்துச் சோதித்தபோது, சாவு சற்றுத் தள்ளிப் போயிற்றே தவிரத் தவிர்க்கப்படவில்லை. மனிதரிடம் அதன் பயன் என்ன என்பது தீராக் கேள்வியாகவே நின்று விட்டது.

ஆனால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் தாங்கள் கண்ட 94 நோயாளிகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை இருக்கிறதே, அது வீண் போகவில்லை. இரத்த அழுத்தம் ஏறுவது, நாடித் துடிப்பு விரைவது, கை கால் தசைகள் விட்டு விட்டு வெட்டி இழுப்பது, பெரும்பாலோர் பன்றியோடு பழகியிருப்பது என்று ஒவ்வொன்றையும் எண்ணி எழுதியிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் அடுத்த முறை இந்நோய் எங்கே தலை காட்டினாலும் அடையாளம் காண முடியும்.

2018 மே மாதம் கேரளத்தில் கோழிக்கோட்டு மருத்துவமனை ஒன்றுக்கு மூளைக்காய்ச்சலோடு ஓர் இளைஞர் கொண்டு வரப்பட்டார். சில நாட்களுக்கு முன்னர்தான் அதே குடும்பத்தில் இன்னொருவர் அதே போன்ற காய்ச்சலில் இறந்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் என்ற குறிப்பு மருத்துவர்களை உலுக்கியது. உடனே மாதிரிகளை எடுத்து மணிப்பாலில் இருந்த வைரஸ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நிப்பா என்று விடை வந்தது. மாதக்கணக்கில் கொசுவுக்குப் புகை அடிக்கவில்லை. நோயாளிகளைத் தனிமைப்படுத்தி, அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்து, சில வாரங்களில் நோயை அடக்கினார்கள். சிகிச்சை என்று வந்தபோது அவர்களும் ரிபாவிரினைத்தான் நாடினார்கள். அந்த மாத்திரைகள் மலேசியாவிலிருந்து வரவழைக்கப்பட்டன.